தெர்மாகோல் தின்னும் புழு: வண்டின் குடலுக்குள் என்ன நடக்கிறது?

‘பிளாஸ்டிக்கைத் தின்று தீர்க்கும் புழு கண்டுபிடிப்பு’ என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்துபோகிறது. 2015இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. 2022இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் 2024 இறுதியில் கென்யாவிலிருந்தும் வந்தது. ஒவ்வொரு முறையும் புழு வேறு. ஆனால் மூன்றுமே வண்டுகளின் புழுப்பருவம். மூன்றும் தின்றதாகச் சொல்லப்படுவது பாலிஸ்டைரீன். நாம் தெர்மாகோல் என்று வாங்கும் வெள்ளை நுரைப்பலகை அந்த பிளாஸ்டிக்கால் ஆனதுதான். ‘குடல் பாக்டீரியா’ என்ற சொல்லும் மூன்று செய்திகளிலும் தவறாமல் இருந்தது.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. செரிப்பது புழுவா, பாக்டீரியாவா? கடைக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகாத ஒரு பொருளைச் செரிக்க வல்ல பாக்டீரியா, புழுவின் வயிற்றில் முன்கூட்டியே எப்படி இருந்தது? பிளாஸ்டிக் தின்ற புழுவின் குடலில் பாக்டீரியா மாறிவிட்டது என்கிறார்களே, அந்த மாற்றமே செரிமானத்துக்குச் சான்றாகுமா?

கடைசிக் கேள்விக்கு விடை: ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் பார்க்க, பிளாஸ்டிக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சாதாரண உணவு வண்டின் குடலை என்ன செய்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

குடலின் மூன்று பகுதிகள்

வண்டின் செரிமானப் பாதையை முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று பிரிப்பார்கள். முன்குடலில் உணவு சேர்கிறது. நடுக்குடலில் நொதிகள் சுரந்து உணவைச் சிதைக்கின்றன; சத்து உறிஞ்சப்படுகிறது. பின்குடலில் நீர் மீட்கப்பட்டுக் கழிவு வெளியேறுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்குடலுக்கும் பின்குடலுக்கும் உள்பக்கத்தில், உடம்பின் மேல்தோலைப் போலவே ஓர் உறை இருக்கிறது. புழு தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உறையும் கழன்று வெளியேறுகிறது; அதில் ஒட்டி வாழ்ந்த பாக்டீரியாவும் கூடவே போகிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் பழைய குடல் கலைக்கப்பட்டுப் புதிய குடல் கட்டப்படுகிறது. ஆக, ஒரு வண்டு தன் வாழ்நாளில் பல முறை குடல் பாக்டீரியாவை இழந்து மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது. உணவுக்கு இத்தனை செல்வாக்கு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தென்னந்தோப்பின் எருக்குழியைக் கிளறினால், ஆங்கில ‘சி’ எழுத்துபோல் சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் வெளிவரும். காண்டாமிருக வண்டின் புழுக்கள் அவை. தலைப்பக்கம் வெளுத்தும் வால்பக்கம் கருநீலமாகவும் தெரியும். அந்தக் கருமை தோலின் நிறம் அன்று. உப்பிய பின்குடலில் அடைந்திருக்கும் மட்கு, மெல்லிய தோல் வழியாகத் தெரிகிறது. இந்தக் குடும்பத்து வண்டுகள் சிலவற்றின் புழுக்களில் குடலின் தன்மையை அளந்து பார்த்திருக்கிறார்கள். நடுக்குடல் கடும் காரம். பிஎச் அளவு 10ஐத் தாண்டுகிறது. அதற்கு அடுத்துள்ள பின்குடலோ நடுநிலைக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. மட்கிய தாவர நாரை பாக்டீரியா அங்கே புளிக்கவைத்து அசிட்டேட் போன்ற சிறு மூலக்கூறுகளாக்குகிறது. புழு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சில இனங்களில் மீத்தேனும் வெளியாகிறது. ஒரே புழு, ஒரே உணவு. ஆனால் இரண்டு பகுதிகளிலும் முற்றிலும் வேறான பாக்டீரியாக் கூட்டங்கள்.

பாக்டீரியா எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான வண்டுகளுக்கு அது வாய் வழியாகவே வருகிறது: தின்னும் இலை, மட்கு, மண், மரத்தூள் ஆகியவற்றோடு. இட்லி மாவுக்கு யாரும் பாக்டீரியாவைத் தனியாகச் சேர்ப்பதில்லை; உளுந்தும் அரிசியும் கொண்டுவந்தவற்றில் எது பெருகும் என்பதை ஊறும் நேரமும் உப்பும் வெப்பமும் முடிவு செய்கின்றன. வண்டின் குடலும் ஏறத்தாழ அப்படியே. நிறைய வந்து சேர்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை நிலைக்கின்றன.

சில வண்டுகள் இந்தத் தற்செயலை நம்புவதில்லை. சாண வண்டின் தாய் சாண உருண்டைக்குள் முட்டையிடும்போது, தன் கழிவில் ஒரு சிறு திட்டை அமைத்து அதன் மேல் முட்டையை வைக்கிறது. பொரிந்த புழு முதலில் தின்பது அதைத்தான். அந்தத் திட்டை எடுத்துவிட்டு, முட்டையின் மேற்பரப்பையும் கிருமி நீக்கி வளர்த்த புழுக்கள் மெதுவாக வளர்ந்தன. இலை தின்னும் ஆமை வண்டுகள் சிலவற்றில், தாய் ஒவ்வொரு முட்டையின் நுனியிலும் பாக்டீரியா நிரம்பிய ஒரு குமிழை ஒட்டிவைக்கிறது. தாவரச் செல் சுவரின் பெக்டினைக் கரைக்கும் நொதி அந்த பாக்டீரியாவிடம்தான் இருக்கிறது.

உணவு எந்த வழிகளில் தேர்ந்தெடுக்கிறது?

1. சுமந்து வருதல். உணவின் மேலும் உள்ளும் இருக்கும் பாக்டீரியா குடலுக்குள் வருகிறது. இவற்றில் பல வெறும் வழிப்போக்கர்கள். குடலிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பட்டியல் போடும்போது, குடியிருப்பவையும் கடந்து போனவையும் ஒன்றாகவே பதிவாகின்றன. ‘குடலில் 200 வகை பாக்டீரியா’ என்று படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. தீனியாதல். வண்டால் செரிக்க முடியாத நார், மெழுகு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் முதலியவை பாக்டீரியாவுக்கு மிஞ்சுகின்றன. எது மிஞ்சுகிறதோ அதை உண்ணத் தெரிந்தவை பெருகும்.

3. நஞ்சாதல். தாவரங்கள் தம்மைக் காக்க வைத்திருக்கும் காஃபீன், டானின், நொதித் தடுப்பான்கள் போன்றவை பாக்டீரியாவையும் தாக்குகின்றன. தாங்கியவை மிஞ்சும்.

4. குடலின் சூழலை மாற்றுதல். காரத்தன்மை, ஆக்சிஜன், உணவு குடலில் தங்கும் நேரம் ஆகிய மூன்றுமே தீனியோடு மாறக்கூடியவை.

5. பட்டினி. உணவே இல்லாவிட்டாலும், வயிறு நிறைந்தும் சத்து சேராவிட்டாலும், குடலில் வகைகள் குறைந்து, எதையும் தின்று வேகமாகப் பெருகும் சில பொது வகைகள் மேலோங்கக்கூடும். செய்திகளில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான்.

தென்னையையும் பேரீச்சையையும் குடையும் சிவப்புக் கூன்வண்டின் புழுக்களை ஆய்வுக்கூடத்தில் ஆப்பிள் துண்டு கொடுத்து வளர்ப்பதுண்டு. அப்படி வளர்ந்தவற்றையும் பனை வகை மரத்தில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டால் குடல் பாக்டீரியா வேறுபடுகிறது. இனம் ஒன்றுதான். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பூச்சியின் குடலைப் பார்த்துத் தோப்பில் இருக்கும் பூச்சியைப் பற்றி முடிவு சொல்வதில் ஆபத்து இருக்கிறது.

மூன்று வண்டுகள், மூன்று பாடங்கள்

காபிக்காய்த் துளைப்பான். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத கருவண்டு. ஆப்பிரிக்காவில் தோன்றிக் காபி விளையும் நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1990இல், நீலகிரி மாவட்டம் கூடலூரில். பெண் வண்டு காயின் நுனியில் துளையிட்டு உள்ளே போய் முட்டையிடும். புழுக்கள் கொட்டையைத் தின்று வளரும். பல பூச்சிகளுக்குக் காஃபீன் நஞ்சு. இந்த வண்டோ தலைமுறை தலைமுறையாகக் காஃபீனுக்குள்ளேயே பிறந்து வளர்கிறது.

காரணம் என்ன என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் அந்நாட்டு வேளாண் துறையும் தேடின. முடிவு 2015இல் வெளியானது. பல நாட்டு வண்டுகளின் குடலிலும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா திரும்பத் திரும்பக் கிடைத்தது. காஃபீனைச் சிதைக்கும் மரபணு அவற்றில் சூடோமோனாஸ் ஃபல்வா என்ற இனத்திடம் இருந்தது. அடுத்து, வண்டுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்தார்கள். தின்ற காஃபீன் சிதையாமல் அப்படியே கழிவில் வந்தது. பிறகு அந்த பாக்டீரியாவை மட்டும் திரும்ப ஊட்டினார்கள். காஃபீன் சிதைவு மீண்டது. ஆனால் ஆன்டிபயாடிக்கால் பெரிதும் சரிந்த இனப்பெருக்கம் மீளவில்லை. அதற்குக் குடலில் இருந்த வேறு எதுவோ தேவைப்பட்டிருக்கிறது. ஒரு பாக்டீரியா, ஒரு வேலை, அதன் எல்லையும் எங்கே என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய வண்டு ஆய்வுகள் குறைவு.

மக்காச்சோள வேர்ப்புழு. அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்குப் பெரும் எதிரி. இந்த வண்டு மக்காச்சோள வயலில் முட்டையிடும். அடுத்த ஆண்டு பொரியும் புழுவுக்கு அந்த வேர் வேண்டும். ஆகவே ஓர் ஆண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு சோயா என்று மாற்றிப் பயிரிட்டால் புழு பட்டினியில் சாகும். 1980களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் இந்தத் தந்திரம் பொய்த்தது. வண்டுகள் சோயா வயலுக்குப் போய் முட்டையிடத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் மக்காச்சோளம் வரும்போது புழு தயாராக இருந்தது. சோயா இலையில் பூச்சியின் செரிமான நொதியை முடக்கும் பொருள் உண்டு. அதைத் தின்று மற்ற வண்டுகளைவிடச் சிறிது காலம் கூடுதலாக உயிர்தரிக்க இந்த வண்டுகளால் முடிந்தது. 2013இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் தாக்குப்பிடிப்பு மறைந்தது. குடல் பாக்டீரியாவில் ஏற்பட்ட வேறுபாடு, ஒரு வட்டாரத்தின் பயிர்ச் சுழற்சி முறையையே பயனற்றதாக்க உதவியிருக்கிறது.

அரிசிக் கூன்வண்டு. அரிசி டப்பாவில் மூக்கு நீண்டு ஊர்கிறதே, அதுதான். தாய் தானியத்தில் துளையிட்டு முட்டையை வைத்து அடைத்துவிடும்; புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாம் அந்த ஒரே மணிக்குள். உணவு பெரும்பாலும் மாவுச்சத்து. வண்டின் ஓடு கறுத்துக் கெட்டிப்பட டைரோசின், பினைலாலனின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். தானியத்தில் அவை போதாது. அதைத் தருவது சோடாலிஸ் பியரன்டோனியஸ் என்ற பாக்டீரியா. இது குடலின் வெற்றிடத்தில் மிதப்பதில்லை. குடலையொட்டிய தனிச் செல்களுக்குள் வாழ்கிறது, தாயின் முட்டை வழியாக வருகிறது.

பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2014இல் காட்டியது வியப்பானது. இளம் வண்டில் இந்த பாக்டீரியாவின் எண்ணிக்கை சில நாட்களில் உச்சத்துக்கு ஏறுகிறது. ஓடு கெட்டிப்பட்டு முடிந்ததும், வண்டு அந்தச் செல்களோடு பாக்டீரியாவையும் சிதைத்துத் தன் உடம்புக்குள்ளேயே செரித்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறைக்கு வேண்டியவை மட்டும் சூலகத்தில் மிஞ்சுகின்றன. 2023இல் வந்த தொடராய்வு, அந்த ஏற்றத்தைத் தூண்டுவது வண்டு உண்ணும் மாவுச்சத்தே என்றது. உணவு பெருக்குகிறது, வேலை முடிந்ததும் வண்டு அழிக்கிறது. பாக்டீரியாவும் வண்டும் ‘நண்பர்கள்’ என்று எழுதுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எது சான்று?

குடல் பாக்டீரியா பற்றிய எந்தச் செய்தியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம்.

1. அந்த பாக்டீரியா அங்கே இருக்கிறதா? அல்லது அந்த உணவில் கூடுகிறதா?
2. அதை நீக்கினால் வேலை நிற்கிறதா?
3. திரும்பக் கொடுத்தால் வேலை மீள்கிறதா?
4. பட்டினி கிடந்த பூச்சியோடு ஒப்பிட்டார்களா?

முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தால் அது ஒரு தடயம், அவ்வளவே. காபி வண்டு காஃபீன் விஷயத்தில் முதல் மூன்றையும் கடந்துவிட்டது. வேர்ப்புழு ஆய்வில் இரண்டாவதற்குத் தெளிவான விடை உண்டு.

இப்போது பிளாஸ்டிக்

2015. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து மீல்வார்ம் என்ற வண்டுப் புழுக்களுக்கு நுரைப் பாலிஸ்டைரீனை மட்டுமே கொடுத்தன. 16 நாட்களில், தின்ற பிளாஸ்டிக்கின் கார்பனில் 47.7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறியது. ஏறக்குறைய பாதி எச்சமாக வந்தது. உடலில் சேர்ந்தது 0.5 சதவீதம் அளவில்தான். கார்பனுக்கு அடையாளமிட்டுச் சோதித்தபோது, வெளிவிட்ட வாயுவிலும் உடல் கொழுப்பிலும் அந்த அடையாளம் தெரிந்தது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த புழுக்களால் பிளாஸ்டிக்கைச் சிதைக்க முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை.

மூன்றாவதில் இடிக்கிறது. குடலிலிருந்து எக்ஸிகுவோபாக்டீரியம் என்ற ஒன்றைப் பிரித்துத் தனியே வளர்த்தார்கள். 60 நாட்களில் அது சிதைத்தது 7.4 சதவீத பிளாஸ்டிக். புழுவின் குடலிலோ அதே பொருள் ஒரு நாளுக்கும் குறைவாகவே தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது. புழு கடித்து நொறுக்குவது, புழுவின் சொந்த நொதிகள், மற்ற பாக்டீரியா எல்லாம் சேர்ந்தே வேலை நடக்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ‘பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா’ என்று ஒரே ஒன்றைச் சுட்டுவது அவசரம்.

2022. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் பெரிய வகையான சூப்பர்வார்ம் புழுக்களை மூன்று குழுவாகப் பிரித்தது: தவிடு, பாலிஸ்டைரீன், பட்டினி. நான்காவது கேள்வியைக் கேட்ட ஆய்வு இது. அதனாலேயே மூன்றில் எனக்கு நம்பகமாகப் படுவதும் இதுதான். தவிட்டுக் குழு கொழுத்தது. பிளாஸ்டிக் குழுவின் எடை சற்றே கூடியது. பட்டினிக் குழுவைவிட அதிகமான புழுக்கள் வண்டாயின. ஆகவே பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ கொஞ்சம் சக்தி கிடைத்திருக்கிறது. ஆனால் அவற்றின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன; நோய் உண்டாக்கக்கூடிய சில தலைதூக்கின.

2024. நைரோபியில் உள்ள பன்னாட்டுப் பூச்சியியல் மையமான இசிப், கென்யாவின் சிறு மீல்வார்ம் புழுக்களை ஆராய்ந்தது. பிளாஸ்டிக்கோடு தவிடும் கலந்து கொடுத்தபோது, பிளாஸ்டிக் மட்டும் தின்றவற்றைவிட அவை நன்றாகப் பிழைத்தன, பிளாஸ்டிக்கையும் அதிகம் தின்றன. பிளாஸ்டிக் தின்றவற்றின் குடலில் குளுய்வேரா, லாக்டோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை கூடியிருந்தன. இவை சிதைவுக்கு உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் கவனமாகவே சொன்னார்கள். செய்தித் தலைப்புகளில் அந்தக் ‘கூடும்’ காணாமல் போனது.

குடலில் ஒரு பாக்டீரியா கூடியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிளாஸ்டிக்கை உண்ணத் தெரிந்ததால் அது பெருகியிருக்கலாம். அல்லது சத்தில்லாத தீனியால் பழைய குடியிருப்பாளர்கள் ஒழிந்து, காலியான இடத்தை எங்கும் வளரும் இந்த வகைகள் பிடித்திருக்கலாம். பட்டியலைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

‘முன்கூட்டியே எப்படி இருந்தது’ என்ற கேள்விக்கும் இங்கே விடை கிட்டுகிறது. பிளாஸ்டிக்குக்கென்று எதுவும் காத்திருக்கவில்லை. இந்தப் புழுக்கள் தவிடு, மட்கு, பழைய தானியம் தின்று வாழ்பவை. மரத்திலும் தவிட்டிலும் உள்ள லிக்னினிலும் பாலிஸ்டைரீனிலும் வளைய வடிவக் கார்பன் கட்டமைப்பு உண்டு. லிக்னின் போன்றவற்றைத் தாக்கும் நொதிகள் பிளாஸ்டிக்கையும் ஓரளவு தாக்குகின்றன என்பது பலரின் கருத்து.

நடைமுறையில் எவ்வளவு?

2015 ஆய்வின்படி 100 மீல்வார்ம் புழுக்கள் ஒரு நாளில் தின்பது 34 முதல் 39 மில்லிகிராம். கணக்குப் போட்டால், 10,000 புழுக்கள் ஒரு கிலோ தெர்மாகோலைத் தின்ன ஒன்பது மாதம் ஆகும். அதிலும் ஏறக்குறைய பாதி, துகளாக எச்சத்தில் வெளியே வரும். நகரக் குப்பைக்குப் புழுப் பண்ணை விடையாகாது. குவீன்ஸ்லாந்து குழுவும் புழுப் பண்ணையை முன்வைக்கவில்லை; பிளாஸ்டிக்கை இயந்திரத்தில் அரைத்துப் பின்னர் நொதிகளால் சிதைப்பதே அவர்கள் நோக்கம். குடலில் தேடுவது அந்த நொதிகளை.

பறவைக்கும் மீனுக்கும் தீனியாக மீல்வார்ம் வளர்ப்போர் பலர். தெர்மாகோல் துண்டுகளைப் போட்டுப் பார்க்கும் ஆசை அவர்களுக்கு வரலாம். கட்டுமான நுரைப்பலகைகளில் தீத்தடுப்பானாகச் சேர்க்கப்பட்ட எச்பிசிடி என்ற புரோமின் சேர்மத்தை 2013இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஸ்டான்ஃபோர்டின் 2020 ஆய்வில், அதைத் தின்ற மீல்வார்ம்கள் ஒரே நாளில் 90 சதவீதத்தை எச்சத்தில் தள்ளின. அந்தப் புழுக்களைத் தின்ற இறாலுக்குத் தீங்கு தெரியவில்லை. உடலில் தங்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் சேர்மம் எச்சத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் துகளும் அங்கேயே இருக்கிறது. மீல்வார்ம் எச்சத்தைச் செடிக்கு உரமாகப் போடும் வழக்கம் உள்ளவர்கள், புழுத் தட்டில் தவிட்டையும் கேரட் துண்டையும் தாண்டி எதையும் போடாமல் இருப்பது நல்லது.